அந்த எபிசோட் இன்னும் வரவில்லை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் எல்லோரிடமும் நான் வந்து கொஞ்சம் பேச வேண்டும் என்று ஆபீசிலிருந்து கேட்டார்கள். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. எழுதித் தருகிறேன் என்றேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதித் தருகிறேன் என்றதில் எனக்கே சிரிப்புதான். ஆனால் எழுதினால் அடித்துத் திருத்தலாம். அதுவும் போக, வேலையில் இருந்த வருஷமெல்லாம் மற்றவர்களைப் பேச வைத்துத்தான் எனக்குப் பழக்கம். நான் பேசுவது இல்லை.

வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். டிவியில் ஒரு கதை ஓடும். பார்க்கிறவர்கள் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று சேனல்காரர்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு வீட்டு ஹாலில் ஐந்தாறு பெண்களை உட்கார வைத்து, ஓர் எபிசோடைப் போட்டுக் காட்டி, பேச விட்டுப் பதிவு செய்து அனுப்புகிறோம். எந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்பதெல்லாம் ட்ரெயினிங்கில் சொல்லித் தருவார்கள். கேள்வித்தாளில் இல்லாத ஒன்று நடுவில் வந்து நின்றால் என்ன செய்வது என்று அங்கே சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கும் தெரியாது.

நான் பயந்த சுபாவம். கேஸை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்க்கிறவள். கூட்டம் இருக்கிற நாளில் ரொம்ப முன்னாலேயே போய்த் தெருமுனையில் நிற்பேன். ரெக்கார்டர் பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பையில் இரண்டு வைத்திருப்பேன். "மூணாவது எங்கம்மா?" என்று சூப்பர்வைசர் கேலி செய்வார். சிரித்துக்கொள்வேன். ஒருமுறை மூன்றாவதும் வைத்திருந்தேன், அவரிடம் சொல்லவில்லை.

பயப்படுகிறவர்களுக்கு இந்த வேலையில் ஒரு லாபம் உண்டு. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்போம். சாமராஜநகரில் ஒரு வீட்டில் பெண்களிடம் பேசிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் வாசலில் நின்றபடி, "இந்தக் கண்றாவியெல்லாம் நான் பாக்கறதே இல்லம்மா, சீரியல் பாத்துத்தான் குடும்பம் கெடுது" என்றார். நான் தலையாட்டிவிட்டு, கதாநாயகியின் தங்கைக்கு நிச்சயம் முறிந்ததைப் பற்றி உள்ளே கேட்டேன். "தங்கச்சி இல்லம்மா, அது சித்தி பொண்ணு" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். யாரானாலும் முதலில் சொல்வது பக்கத்தில் இருப்பவர் காதுக்கு. நாம் கேட்டு வர வேண்டியது அதற்கு அடுத்ததாகச் சொல்வதை. அதற்குக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி மைசூர் மண்டி மொஹல்லாவில் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்போது ஒரு கன்னட சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. பேங்கில் மேனேஜராக இருக்கும் ஓர் அம்மாள். வயது நாற்பத்தைந்து, கணவர் இறந்துவிட்டார், மாமியாரோடு இருக்கிறார். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறார். டிரைவிங் ஸ்கூலில் சொல்லித் தருகிற பையன் பன்னிரண்டு வயது சின்னவன். இரண்டு பேருக்கும் மனசு ஒத்துப்போகிறது. கதை நன்றாக ஓடியது, திட்டும் நன்றாக விழுந்தது. கல்யாணம் வரைக்கும் கொண்டுபோகலாமா, இல்லை பிரித்துவிடலாமா என்று சேனலுக்குக் குழப்பம். மைசூரில் தமிழ்க் குடும்பங்களும் இதை நிறையப் பார்க்கிறார்கள் என்று அவர்களுக்கென்று தனியாக ஒரு கூட்டம் போடச் சொன்னார்கள். அது என் தலையில் விழுந்தது.

நம் கூட்டங்களுக்கு இரண்டு விதி உண்டு. வீடு கொடுக்கிறவர் கூட்டத்தில் உட்காரக் கூடாது. அது அவர் வீடு என்பதால் மற்றவர்கள் அவருக்குப் பிடித்த மாதிரி பேசிவிடுவார்கள். இரண்டாவது, சொந்தக்காரர்கள் ஒரே கூட்டத்தில் இருக்கக் கூடாது. மாமியார் எதிரில் மருமகள் என்ன சொல்வாள் என்று உங்களுக்கே தெரியும். இந்த இரண்டாவது விதி மீறப்பட்டால் அந்தக் கூட்டம் செல்லாது. சந்தேகமே வேண்டாம், தூக்கிப் போட வேண்டியதுதான்.

வீடு கொடுத்தவர் பெயர் ஃபிலோமினா. தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், நாற்பதை ஒட்டிய வயது. ஆட்களையும் அவரே சேர்த்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள்தான் என்றார். ஆளுக்கொரு விலாசம் எழுதிக் கொடுத்திருந்தார். நானும் பார்த்துவிட்டுச் சரி என்றேன்.

சந்துக்குள் ஆட்டோ வராது. நடந்துதான் போனேன். கீழே மசாலா சாமான் மொத்தக் கடை, மேலே வீடு. மாடிப்படி ஏறும்போதே மிளகாய் நெடியில் தும்மல் வந்தது. இந்தத் தும்மல் ரெக்கார்டிங்கில் விழுந்தால் என்ன செய்வது என்ற கவலையோடுதான் உள்ளே போனேன்.

ஹாலில் ஐந்து பேர். நடு நாற்காலியில் அருளம்மா, வயது எழுபது இருக்கும், கழுத்தில் ஜெபமாலை. பக்கத்தில் ரெஜினா, ஸ்கூலில் டீச்சர். எதிரில் சாந்தா, பக்கத்து வீடு, பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகப் பேசுகிறவர். மற்ற இருவரும் கீழ்த்தெருக்காரர்கள், அதிகம் பேசவில்லை. ஃபிலோமினா தண்ணீர் கொடுத்துவிட்டு, விதிப்படி சமையலறைக்குள் போய்விட்டார். கதவை மட்டும் முழுக்கச் சாத்தவில்லை.

அருளம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்கு எந்தூரும்மா?"

"ஹனூருங்கம்மா."

"அதான பாத்தேன், வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடறே. எனக்கும் அந்தப் பக்கந்தான். இந்த ஊருக்கு வந்து என்ற பேச்சே பாதி மாறிப்போச்சு."

எபிசோடைப் போட்டேன். அந்த மேனேஜர் அம்மாள் கார் ஓட்டுகிறார். சிவப்பு விளக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையன், "நம்ம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்கிறான். விளக்கு பச்சை ஆகிறது. கார் நகரவில்லை. பின்னால் எல்லாரும் ஹாரன் அடிக்கிறார்கள். அங்கே முடிகிறது.

நான் கேட்பதற்கு முன்னாலேயே சாந்தா ஆரம்பித்துவிட்டார். "பிரேக்க மிதிக்கக் கத்துக்கோன்னு போனா, பிரேக்கே இல்லாமப் போய்ட்டா நோடி, பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அருளம்மா சிரிக்கவில்லை.

"நாப்பத்தஞ்சு வயசுல என்ன கேடு அவளுக்கு? புருசன் போட்டோ செவுத்துல தொங்குது. அதுக்குக் கீழயே நின்னு போன்ல பல்லக் காட்றா."

"ஆம்பள பன்னெண்டு வயசு பெரியவனா இருந்தா யாரும் வாயத் திறக்க மாட்டாங்க. நம்ம அப்பா உனக்கு எத்தனை வயசு பெரியவர்?" என்றார் ரெஜினா.

"அது வேற."

"என்ன வேற?"

அருளம்மா என் பக்கம் திரும்பினார். "பாத்துக்கோ. நான் பெத்ததே என்ற கிட்ட கேள்வி கேக்குது."

அம்மாவும் மகளும். அப்படியென்றால் இது செல்லாத கூட்டம். அது ரெக்கார்டரிலும் விழுந்துவிட்டது, ஒன்றில் இல்லை, இரண்டிலும். தண்ணீர் வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனேன்.

ஃபிலோமினா கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கையில் காபிப் பொடி டப்பா, திறக்கவே இல்லை.

"சிஸ்டர், அவங்க ரெண்டு பேரும் அம்மா பொண்ணா?"

"ஆமாக்கா."

"உங்களுக்கு?"

"மாமியார். நாத்தனார்."

"முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? விலாசத்தையும் மாத்தி எழுதிக் குடுத்திருக்கீங்க. விதி சொல்லித்தானே அனுப்பினோம். இப்ப நான் நிறுத்தணும்."

அவர் என் கையைப் பிடித்தார். நர்ஸ் கை, பிடி கெட்டியாக இருந்தது. "நிறுத்தாதீங்கக்கா. அவங்க என்ன சொல்றாங்கன்னு நான் கேக்கணும்."

நான் புரியாமல் பார்த்தேன். அவர் குரலை இறக்கினார்.

"எங்க ஆஸ்பத்திரி லேப்ல ஒருத்தர் இருக்கார். என்னைவிடச் சின்னவர். கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டுட்டார். இந்த ஞாயித்துக்கிழமை அவங்க வீட்ல அவருக்குப் பொண்ணு பாக்கப் போறாங்க. அதுக்குள்ள நான் ஆமான்னோ இல்லன்னோ சொல்லணும். என் வீட்டுக்காரர் தவறினதிலிருந்து நானும் அம்மாவும்தான் இந்த வீட்ல. அவங்க வேண்டாம்னா எனக்கு வேண்டாம். ஆனா நேரா கேட்டா அழுவாங்க. அழுதுகிட்டே சரின்னு சொல்லிடுவாங்க. அது எப்படிச் சரியாகும்? சீரியலைப் பத்திக் கேட்டா மனசுல இருக்கறது அப்படியே வந்துரும்னு நெனச்சேன். நீங்கதானே அன்னைக்குச் சொன்னீங்க, எங்க கூட்டத்துல யாரும் பொய் சொல்ல மாட்டாங்கன்னு."

சொல்லியிருந்தேன். வீடு கொடுக்கச் சம்மதிக்க வைப்பதற்காக எல்லோரிடமும் சொல்வதுதான்.

உங்களுக்கு யோசிக்க நேரம் இருக்காது என்பதற்காகத்தான் இதை விவரமாக எழுதுகிறேன். ஹாலில் ஆட்கள் காத்திருப்பார்கள். கூட்டத்தைக் கலைத்தால் விதி காப்பாற்றப்படும், ஆபீசுக்கு நல்ல பிள்ளையாக இருக்கலாம். கலைக்காமல் நடத்தி, அனுப்பியும் விட்டால் அது பொய். அந்த ஒரு தம்ளர் தண்ணீரைக் குடிக்கிற நேரத்தில் எனக்குத் தோன்றியது இவ்வளவுதான்: கூட்டத்தை நடத்தலாம், ஆனால் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆபீசிடம் நானே சொல்லிவிட்டு வேறிடத்தில் இன்னொன்று போட வேண்டும். திட்டு விழும். விழட்டும். அதற்குப் பிறகும் ஒரு பயம் மிச்சம் இருந்தது. அருளம்மா இன்னும் மோசமாக ஏதாவது சொல்லி, கதவுக்குப் பின்னால் நிற்கிறவர் அதைக் கேட்டுவிட்டால்? கேட்டதைத் திரும்ப வாங்க முடியாதே.

"சிஸ்டர், நான் உங்களுக்குச் சாதகமா ஒரு வார்த்தைகூடக் கேக்க மாட்டேன்" என்றேன்.

"கேக்க வேண்டாம். கேட்டா எனக்கு எதுக்கு உபயோகம்?"

திரும்பிப் போய் உட்கார்ந்தேன். பேச்சு நிற்கவே இல்லை. சாந்தா பேச்சை அந்தப் பையன் மேல் திருப்பியிருந்தார். "அவனுக்கு அவ வேலை மேல கண்ணு. சும்னே யாராவது பன்னெண்டு வயசு பெரியவளக் கட்டுவானா?" ரெஜினா, "ரெண்டு வருஷம் கழிச்சு அவன் ஓடிடுவான், அப்ப இவதான் நிப்பா" என்றார். அவரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார். கீழ்த்தெருப் பெண்களில் ஒருவர், "ரெண்டு பேரும் ரோட்ல போனா அக்கா தம்பியான்னு கேப்பாங்க" என்றார். சமையலறையில் பாத்திரச் சத்தமே இல்லை.

எனக்கு வாய் துறுதுறுத்தது. ஏன், கட்டிக்கக் கூடாதா என்று ஒரு வார்த்தை. கேட்டிருந்தால் எல்லோரும் என் முகத்தைப் பார்த்து, எனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு, அதைத் தட்டில் வைத்துக் கொடுத்திருப்பார்கள். அது ஃபிலோமினாவுக்கு அழுதுகொண்டே சொல்லும் 'சரி'யைவிட மோசம். கேள்வித்தாளைப் பார்த்தேன். எல்லாக் கூட்டத்திலும் கேட்கிற கேள்வி ஒன்று இருந்தது. அதைத்தான் கேட்டேன்.

"இந்தக் கதையில உங்களுக்குப் பிடிக்காதது எதுங்கம்மா? ஒண்ணே ஒண்ணு சொல்லணும்னா."

அருளம்மாவைப் பார்த்துத்தான் கேட்டேன். அவர் ஜெபமாலையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். சாந்தா ஏதோ சொல்ல வந்தார். நான் விரலை லேசாகத் தூக்கினேன், அவர் நிறுத்திக்கொண்டார். கீழே கடையில் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. நீங்கள் இந்தத் தொழிலில் எதையாவது பழகிக்கொள்வதென்றால் இந்தச் சும்மா இருப்பதைப் பழகிக்கொள்ளுங்கள். எனக்கு அது கடைசிவரை சுலபமாக வரவில்லை.

"அந்தக் கெழவி" என்றார் அருளம்மா.

"எந்தக் கிழவிங்க?"

"அவ மாமியாக்காரி. தெனம் அந்த வீட்ல ஒரு மூலைல ஒக்காந்திருக்குதே. டீ குடு, மாத்திர எடுன்னு ஒரு வார்த்த, அவ்வளவுதான் அதுக்குப் பேச்சு. இவுங்க கல்யாணம் பண்ணிக்கட்டும், பண்ணாமப் போவட்டும். அதுக்கப்பறம் அந்தக் கெழவி எங்க போவும்? பெத்த மவனும் போய்ட்டான். மக வீட்ல போயி எத்தன நாளைக்கு இருக்க முடியும்? நானும் மொதல் நாள்லருந்து பாக்கறேன், அத ஒருத்தன் கேக்கல. எல்லாரும் அவ வயசையே பேசறாங்க."

ரெஜினா அம்மாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

அப்போதுதான் சமையலறைக் கதவு திறந்தது. ஃபிலோமினா காபித் தட்டோடு வந்தார். தட்டை டீப்பாய் மேல் வைத்தார். வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. மோடாவை இழுத்துப் போட்டு, அருளம்மாவுக்கு நேர் எதிரில் உட்கார்ந்தார்.

"அந்த அம்மா எங்கயும் போக மாட்டாங்க. அதே வீட்லதான் இருப்பாங்க. அவன்தான் இங்க வந்து இருக்கேன்னு சொல்லியிருக்கான்" என்றார்.

ரெஜினா நெற்றியைச் சுருக்கினார். "அப்படி ஒரு எபிசோட் வரலையே அண்ணி?"

"இன்னும் வரல."

நான் குனிந்து ஒரு ரெக்கார்டரை நிறுத்தினேன். பிறகு மற்றதையும் நிறுத்தினேன். இரண்டு பட்டனும் அமுங்கிய சத்தம் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

அருளம்மா மருமகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ரொம்ப நிதானமாகக் கேட்டார்.

"எத்தன வயசு சின்னவன்?"

"ஒன்பது."

"சீரியல்ல பன்னெண்டு" என்றார் சாந்தா, யாரையும் பார்க்காமல்.

நான் பையை எடுத்துக்கொண்டேன். கீழ்த்தெருப் பெண்களைக் கண்ணால் கூப்பிட்டேன். சாந்தாவைத் தோளில் தொட வேண்டியிருந்தது. இருந்து கேட்க அவருக்கு அவ்வளவு ஆசை. எனக்கும்தான். படியில் இறங்கும்போது அருளம்மாவின் குரல் மேலிருந்து வந்தது. "அதச் சொல்றதுக்கு ஊரக் கூட்டோணுமா? என்ற கிட்ட வந்து சொல்ல உனக்கு வாயில்லையா?" அது கோபமா வேறு ஏதாவதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கடை வாசலுக்கு வந்ததும் அடக்கி வைத்திருந்த தும்மல் எல்லாம் சேர்ந்து வந்தது.

சூப்பர்வைசருக்கு அங்கிருந்தே போன் செய்தேன். சொந்தக்காரர்கள் இருந்தார்கள், கூட்டம் செல்லாது, நாளைக்கே வேறு ஏரியாவில் போடுகிறேன் என்றேன். "தெரிஞ்ச உடனே ஏன் நிறுத்தல? எதுக்கு முழுசா நடத்தினீங்க?" என்றார். பாதியில் எழுப்பி அனுப்ப மனசு வரவில்லை என்றேன். இத்தனை வருஷ அனுபவத்துக்கு இதுதானா என்று கேட்டார். கேட்டுக்கொண்டேன். மறுநாள் வேறிடத்தில் கூட்டம் போட்டேன். அங்கே இருந்தவர்கள் ஒரே குரலாகப் பிரித்துவிடுங்கள் என்றார்கள். அதை அப்படியே அனுப்பினேன். இரண்டாவதாக வருகிற பேச்சுக்காக நானும் காத்திருந்து பார்த்தேன், அன்றைக்கு வரவில்லை. சில நாள் வராது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. போன் செய்து கேட்கலாம்தான், நம்பர் இருந்தது. கூட்டத்தில் கேட்டதை வைத்து ஒருவர் வீட்டுக்குள் மறுபடி போகக் கூடாது என்பதையும் நான் ஒரு விதியாக வைத்திருந்தேன். யாரும் எழுதித் தராத விதி. சங்கடமானது, ஆனால் வைத்துக்கொள்ளுங்கள்.

சில மாதங்களில் சீரியல் முடிந்தது. அந்த மேனேஜர் அம்மாள் பையனைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டு, வெளியூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கடைசிக் காட்சியில் காரை அவரே ஓட்டிக்கொண்டு போனார். அதற்குள் நானும் வேலையை விட்டு நின்றிருந்தேன்.

கடைசி எபிசோட் வந்த மறுநாள் காலையில் ஒரு போன். கூட்டத்துக்கு முன்னால் எல்லோருக்கும் என் நம்பர் கொடுப்பது வழக்கம். அதை வைத்திருந்திருக்கிறார்.

"ஹனூர்க்காரம்மாதானே? நான் அருளம்மா, மண்டி மொஹல்லா. நேத்து பாத்தியா?"

"பாத்தேனுங்கம்மா."

"அவள எதுக்கு ஊரு மாத்தி அனுப்புனானுங்க? அந்தக் கெழவிய அம்போன்னு உட்டுட்டு? நாங்க அன்னிக்கு அத்தன சொன்னோமே. நீ எழுதலியா?"

ஒரு நிமிஷம் ஏதாவது சமாளிக்கலாமா என்று பார்த்தேன். பிறகு உள்ளதைச் சொன்னேன். ஒரே வீட்டுச் சொந்தக்காரர்கள் இருந்ததால் அந்தக் கூட்டத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை என்றேன்.

"சொந்தக்காரங்க சொன்னா செல்லாதா?"

"எங்க விதி அப்படிங்கம்மா."

"நல்ல விதி போ. இந்த விசயத்துல சொந்தக்காரங்க சொல்றதுதானே செல்லும்."

அதற்குள் அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல் கேட்டது. "அம்மா, மாத்திரை போட்டீங்களா? சர்ச்சுல பூசைக்கு நேரமாச்சு, ஆட்டோ தெருமுனையில நிக்குது."

"வர்றேன் இரு" என்றார் அருளம்மா, போனை விலக்காமலே. பிறகு என்னிடம், "இவன் ஒருத்தன், சீரியலுக்கு நடுவுலதான் மாத்திர எடுத்துக்கிட்டு வந்து நிப்பான்" என்று குறைபட்டுக்கொண்டே வைத்துவிட்டார்.